புகைக்கு ஒரு வழி

திருப்பலியில் தூபக் கலசத்திலிருந்து எழும் சாம்பிராணிப் புகையை நாம் பக்தியோடு நோக்குகிறோம். நம் மன்றாட்டுகளின் அடையாளமாக அது மேலெழுகின்றது, பீடத்தைச் சூழ்கின்றது, நற்செய்தி நூலுக்கு வணக்கம் செலுத்துகின்றது. அதே கோவிலின் பின்புறத்தில், திருவிழா நாளன்று, வேறொரு புகையும் எழுகின்றது. அது சமையற் கொட்டகையின் புகை. அதனை யாரும் பக்தியோடு நோக்குவதில்லை. அதன் நடுவே நின்று கண்ணைக் கசக்கியவாறு விறகு தள்ளுகிறவர்களையும் நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. பந்தியில் அமர்ந்து, "பிரியாணி நன்றாக அமைந்துவிட்டது" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம்.

இந்த இரண்டாவது புகையைப் பற்றியும், அதற்கு ஒரு வழி அமைக்க நம் பங்கில் கட்டப்பட்ட ஓர் அடுப்பைப் பற்றியும் இங்கு எழுத விழைகிறோம். அடுப்பைப் பற்றி எழுதுவது குருவானவருக்கு அழகா என்று யாரேனும் கேட்கலாம். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டதை யோவான் நற்செய்தி எழுதத் தயங்கவில்லை. ஆகவே நாமும் தயங்க வேண்டுவதில்லை.

திண்டுக்கல் நகரை அடுத்த முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவை அறியாதவர் இம்மறைமாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் நடைபெறும் அவ்விழாவில் மக்கள் ஆடுகளையும் கோழிகளையும், அரிசியையும் காய்கறிகளையும் நேர்ச்சையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவை அண்டா அண்டாவாகச் சமைக்கப்பட்டு, சாதி சமய வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர்க்கு அன்னமாகப் பரிமாறப்படுகின்றன. இந்தச் சமவெளியிலுள்ள சிறு பங்குகள் பலவற்றிலும் இதே வழக்கம் சிறிய அளவில் உண்டு. நம் பங்கின் பாதுகாவலர் பதுவைப் புனித அந்தோனியார். ஜூன் 13ஆம் நாள் அவர் விழாவில் ஏழைகளுக்கு அப்பம் வழங்கும் பழைய மரபு, நம் ஊரில் ஆட்டிறைச்சிச் சோறாக மாறி நிற்கின்றது. விறகும் நேர்ச்சையாகவே வரும். வயலோரத்துச் சீமைக்கருவேல மரத்தை வெட்டிப் பிளந்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு, "அந்தோனியாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

புகை நம் மக்களுக்குப் புதிய பொருளன்று. எல்லாக் காலத்திலும் பகையும் அன்று. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். விதைச் சோளமும், புளியும், உப்புக்கண்டமும் அந்தப் பரணில் கிடக்கும். கீழிருந்து எழும் புகையும் சூடும் அவற்றை உலர வைக்கும்; வண்டும் பூசணமும் அணுகாமற் காக்கும். மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி மாசியாக்குகிறார்கள். இலங்கைத் தமிழர் சமையலில் அம்மாசி இன்றியமையாதது. அமெரிக்கர் இன்று பெருமையாகச் சொல்லும் 'பார்பெக்யூ' என்னும் சொல்லும், கரீபியத் தீவுகளில் வாழ்ந்த டாயினோ பழங்குடியினரின் 'பார்பகோவா' என்னும் சொல்லிலிருந்து வந்ததே. நெருப்புக்கு மேல் கால்கள் நட்டுக் கட்டிய மரப்பரணையே அவர்கள் அப்படி அழைத்தார்கள். எங்கோ ஒரு தீவின் பரணும் நம் பாட்டிமார் வீட்டுப் பரணும் ஒரே அறிவின் இரு கிளைகள் அன்றோ?

திருநூலிலும் இவ்வறிவு காணப்படுகின்றது. இளைஞர் தோபியா டைகிரிசு ஆற்றில் பிடித்த மீனில் ஒரு பகுதியைச் சுட்டு உண்டு, மறுபகுதியை உப்பிட்டு வழிப்பயணத்துக்கு வைத்துக்கொண்டார். வானதூதர் இரபேல் சொற்படி அம்மீனின் இதயத்தையும் ஈரலையும் நெருப்பிலிட்டபோது எழுந்த புகை தீய ஆவியை விரட்டிற்று என்றும் தோபித்து நூல் கூறுகின்றது. ஆனால் அதே திருநூலில் 119ஆம் திருப்பாடலின் ஆசிரியர், தம் துயரத்துக்கு ஓர் உவமை தேடும்போது, புகையிலே கிடந்து சுருங்கிப்போன தோற்பையை நினைக்கிறார். காப்பதும் புகை, கருகச் செய்வதும் புகை. எந்தப் புகை எங்கே போகிறது என்பதே கேள்வி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவக்காலம் முடிந்த கையோடு, பங்கின் இளையோர் சிலர் நம்மிடம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார்கள். வெளிநாட்டினர் பெரிய இரும்பு டிரம்மில் ஆட்டுத்தொடையை வைத்து, பல மணி நேரம் புகையிலேயே வேகவைப்பதைக் கைப்பேசியில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய 'ஸ்மோக்கர்' ஒன்றைத் தாங்களே வடிவமைத்து, திருவிழாவுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆவல். வரைபடமும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பக்கம் நெருப்பறை, நடுவில் இறைச்சி வைக்கும் டிரம், மறுபக்கம் புகைபோக்கி.

அதே வாரத்தில் நாம் நோயில் பூசுதல் அளிப்பதற்காக ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் திருவிழாச் சமையலுக்கு அடுப்பெரித்தவர் அந்த மூதாட்டி. ஊரெல்லாம் அவரை 'அப்பத்தா' என்றே அழைக்கும். திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தவாறே உறங்குகிறார். படுத்தால் மூச்சு அடைக்கிறது. நுரையீரலின் மூச்சுக் குழல்கள் நாட்பட்டுச் சுருங்கிவிட்டன என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "எத்தனை வருசமா பீடி குடிக்கிறீங்கன்னு கேட்டாரு, சாமி" என்று சொல்லி அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் நிற்கவில்லை. சுருட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல் மண்ணில் பிறந்தும் புகையிலையைக் கையால் தொடாதவர் அவர். அவர் குடித்ததெல்லாம் அடுப்புப் புகையே. தம் வீட்டில் ஒரு வேளையும், பிறர் வீட்டு விசேடங்களிலும் கோவில் விழாக்களிலும் பல வேளைகளும் குடித்த புகை.

இது ஓர் ஊரின் கதையன்று. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக நல்வாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். புகையில் நம் கண்ணுக்குத் தெரியும் கரியைவிடத் தெரியாத துகள்களே கொடியவை. மயிரிழையின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான அத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை செல்கின்றன.

பங்குப் பேரவையில் இளையோரின் விண்ணப்பத்தையும் அப்பத்தாவின் நிலையையும் ஒரே அமர்வில் எடுத்துவைத்தோம். பேச்சு பலவாறு சென்றது. எரிவாயு உருளை வாங்கிச் சமைத்தால் என்ன என்றார் ஒருவர். பெரிய அண்டாக்களுக்கு 19 கிலோ வணிக உருளைகள் பல வேண்டும். நேர்ச்சையாய் வரும் விறகை என்ன செய்வது என்றார் இன்னொருவர். பிரியாணி மாஸ்டரோ, "விறகடுப்பில் வைத்து, மூடிமேல் கங்கு போட்டுத் தம் கட்டினால்தான் திண்டுக்கல் பிரியாணி, இல்லாவிட்டால் அது வெறும் சோறு" என்று உறுதியாகச் சொன்னார். ஏழைகளுக்குச் சோறு போடும் நேரத்தில் புகையைப் பற்றிப் பேசுவானேன் என்று சலித்துக்கொண்டவரும் உண்டு. அப்போது அடுப்படியில் வேலை செய்யும் பெண்களுள் ஒருவர் எழுந்து, "பசங்க புகையை வச்சுக்கிறதுக்கு ஒரு பெட்டி கேக்குறாங்க, நாங்க புகை போறதுக்கு ஒரு ஓட்டை கேக்குறோம், சாமி" என்றார். அவை சிரித்தது. ஆனால் அந்த ஒரு சொல்லில் வேலைக்கான வரைபடம் முழுவதும் இருந்தது.

ஏனெனில் இரண்டும் ஒரே பொருளே. நெருப்புக்கு ஓர் அறை; காற்று நுழைய ஒரு வாய்; புகை செல்ல ஒரு பாதை; முடிவில் உயர்ந்த புகைபோக்கி. பாதையின் நடுவில் அண்டாவை வைத்தால் அது அடுப்பு. டிரம்மை வைத்தால் அது ஸ்மோக்கர். இரண்டிலும் மனிதர் நிற்க வேண்டிய இடம் பாதைக்கு வெளியே.

இவ்வுண்மையை நமக்கு முன்பே கண்டவர்கள் பலர். அமெரிக்காவில் பிறந்து பவேரிய நாட்டில் பணியாற்றிய ரம்போர்டு பிரபு, 1790ஆம் ஆண்டு முனிச் நகரில் பிச்சை எடுத்துத் திரிந்தவர்களைத் திரட்டி வேலையும் உணவும் அளிக்கும் இல்லம் ஒன்றை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு நாள்தோறும் சமைக்க விறகு கட்டுப்படியாக வேண்டுமே! திறந்த நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணே போவதைக் கண்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் செங்கல்லால் சூழ்ந்த தனி நெருப்பறையும், அடியில் கம்பித்தட்டும், காற்றை அளந்துவிடும் கதவும், புகைப்பாதையும் அமைத்தார். ஏழைகளுக்குச் சோறு போடும் கவலையிலிருந்துதான் மேலைநாட்டு அடுப்பு திருந்திற்று என்பது நினைக்கத்தக்கது. நம் நாட்டில் வடலூரில் இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றளவும் அணையாமல் பசித்தோர்க்குச் சோறாக்குகின்றது. ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியலறிஞர் ஏழைக் குடும்பங்களுக்கேற்ற புகையில்லா மண்ணடுப்பை வகுத்தார். அதனை விளக்கும் அவர் நூலை 1953ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. 1980களில் நடுவண் அரசும் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. அவ்வடுப்புகளுள் பல, புகைபோக்கியில் அடைந்த கரியைத் துடைப்பார் இன்றிக் கைவிடப்பட்டன. கட்டுவது ஒரு நாள் வேலை. பேணுவதோ நாள்தோறும் வேலை என்னும் பாடத்தையும் அவை விட்டுச்சென்றன.

இனி நம் அடுப்பு கட்டப்பட்ட முறையைச் சொல்வோம். பிற பங்குகளுக்கும் பயன்படலாம்.

முதலில் காற்றைப் பார்த்தோம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இச்சமவெளியில் மேல்காற்று வீசும். ஆகவே விறகு தள்ளும் வாயை மேற்கிலும், புகைபோக்கியைக் கிழக்கிலும் வைத்தோம். விறகு தள்ளும் வாய் கொட்டகைச் சுவருக்கு வெளியே அமைந்தது. அடுப்பெரிப்பவர் வெளியில் நின்று, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு விறகு தள்ளலாம். துடுப்புப் போடுகிற மாஸ்டர் உள்ளே நிற்கலாம். முன்னிருந்த கோட்டை அடுப்பில் இருவரும் ஒரே அனலில் நிற்க வேண்டியிருந்தது.

நெருப்பறையின் தரையில் விறகை நேரே போடாமல், ஒரு முழ உயரத்தில் இரும்புக் கம்பித்தட்டு பொருத்தி, கீழே சாம்பல் குழி விட்டோம். விறகுக்கு அடியிலிருந்து காற்று ஏறினால்தான் அது முழுமையாக எரியும். முழுமையாக எரியாத விறகே புகையாகின்றது. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடே பாத்திரத்தைச் சேர்கின்றது என்பர். எஞ்சியது ஊரைச் சுடுகிறது, சமைப்பவரையும் சுடுகிறது.

நெருப்பறையை அடுத்து இரண்டு அண்டாக் குழிகள். அண்டா குழிக்குள் பாதி இறங்கி உட்கார வேண்டும். அதன் வயிற்றுக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி போதும். அனல் அந்த இடுக்கு வழியே அண்டாவைத் தழுவிச் செல்லும். விளிம்பில் களிமண் பூசி அடைத்துவிட்டால் புகை மேலே கசியாது. முதற்குழியில் சோறு, இரண்டாவதில் சூடு சற்றுக் குறைவாதலால் தால்சாவோ வெந்நீரோ வைக்கலாம். உட்சுவருக்குச் செங்கல்லும், களிமண்ணோடு உமி கலந்த சாந்தும் பயன்பட்டன. சிமெண்டு மிகுந்த அனலில் வெடித்துவிடும் என்று கொத்தனாரே எச்சரித்தார்.

இரண்டாம் குழிக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று நேரே புகைபோக்கிக்குச் செல்லும்; மற்றது இளையோரின் டிரம் வழியாகச் சுற்றிக்கொண்டு செல்லும். எந்த வழி திறக்க வேண்டும் என்பதைத் தடுப்புத் தகடுகள் இரண்டு தீர்மானிக்கின்றன. இத்தகடுகளையும் நெருப்பறைக் கதவையும் திண்டுக்கல் பூட்டுத்தொழிலாளர் ஒருவர் செய்து கொடுத்தார். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊரல்லவா இது? இழுத்த இடத்தில் நிற்கும்படி பற்கள் வெட்டி, கைப்பிடி வைத்து, அவர் அமைத்த தகடுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. "பூட்டுறதுக்குத்தான் சாமி இத்தனை நாளா செஞ்சேன், திறந்துவிடுறதுக்கு இப்பத்தான் செய்றேன்" என்றார் அவர். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

டிரம்மைத் தேர்வதில் கவனம் வேண்டும். பூச்சிமருந்தோ வேதிப்பொருளோ இருந்த டிரம் எத்தனை கழுவினாலும் ஆகாது. சமையல் எண்ணெய் வந்த 200 லிட்டர் டிரம்மையே இளையோர் வாங்கினார்கள். உள்ளே பெருந்தீ மூட்டிப் பூச்சு முழுவதையும் எரித்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி மீண்டும் சூடேற்றினார்கள். துத்தநாகம் பூசிய தகட்டையும் கம்பியையும் தவிர்த்தார்கள். சூட்டில் அதன் ஆவி நஞ்சாகும். டிரம்மின் வயிற்றைப் பிளந்து கீல் வைத்துக் கதவாக்கி, உள்ளே கம்பித்தட்டும், அதன் கீழ் கொழுப்பு வடியத் தட்டமும் பொருத்தினார்கள். கொழுப்பு நெருப்பில் நேரே சொட்டினால் எழும் கரும்புகை இறைச்சியில் படிந்து தீங்கு செய்யும்.

புகைபோக்கி எட்டு அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய். கூரையின் உச்சிக்கு மேல் இரண்டு அடி உயர்ந்து நிற்கின்றது. சூடான காற்று இலேசானது. உயரம் மிகுந்தால் இழுப்பும் மிகும். மழை புகாமலும், ஐப்பசியில் வாடைக்காற்று எதிர்த்து அடிக்காமலும் இருக்கத் தலையில் ஒரு தொப்பி. அடியில் கரி வாரும் சிறு கதவு. மாதம் ஒருமுறை அதனைத் திறந்து துடைப்பது யார் என்பதைப் பேரவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். முன்சொன்ன அரசுத் திட்டத்தின் பாடம் அது.

முதன்முதல் பற்றவைத்தபோது புகை முன்வாய் வழியே திரும்பி வந்தது. கூடியிருந்தோர் முகம் வாடிற்று. ஈரச்சுவரும் குளிர்ந்த குழாயும் இருக்கையில் இழுப்புப் பிடிக்காது. புகைபோக்கியின் அடிக்கதவில் ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தியதும் குழாய் சூடேறி, 'குப்'பென்று இழுக்கத் தொடங்கியது. அதன்பின் கொட்டகைக்குள் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஒருவர் கண்ணிலும் நீரில்லை.

டிரம்மும் தன் வேலையைச் செய்தது. உப்பும் மிளகும் பூண்டும் தடவி இரவெல்லாம் ஊறிய ஆட்டுத்தொடைகளை அதில் வைத்து, உள்ளே 110 முதல் 120 பாகைச் சூட்டில் ஐந்தாறு மணி நேரம் விட்டோம். புளி, மா, கொய்யா விறகுகள் நல்லவை, வேம்பு கசக்கும், வண்ணம் பூசிய பலகையும் ஒட்டுப்பலகையும் நஞ்சு. விறகு நன்கு உலர்ந்திருந்தால் இலேசான நீலப்புகை வரும். அதுவே மணம் தரும். வெள்ளையாய்த் திரண்டு வரும் புகை ஈரவிறகின் அடையாளம்; அது இறைச்சியைக் கசக்கச் செய்யும். கோழியானால் உள்ளே 74 பாகை ஏறிற்றா என்று வெப்பமானியால் பார்த்தே எடுக்க வேண்டும். புகையூட்டியும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் உண்பது புற்றுநோய்க்கு இடமாகும் என்று உலக நல்வாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2015ஆம் ஆண்டு அறிவித்திருப்பதையும் இளையோரிடம் சொன்னோம். இது விழாவுக்குரிய உணவு, வாரந்தோறும் உண்பதற்கன்று.

ஓர் ஒழுங்கையும் பேரவை ஏற்படுத்தியது. முதல் சாமுவேல் நூலில் குரு ஏலியின் மைந்தரைப் பற்றிப் படிக்கிறோம். மக்கள் பலியிறைச்சியை வேகவைத்துக்கொண்டிருக்கையில் பணியாளை அனுப்பி, முள்கரண்டியால் கொப்பரையில் குத்தி, வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள்; வேகும் முன்பே பச்சை இறைச்சியையும் மிரட்டி வாங்கினார்கள். அது ஆண்டவர் முன்னிலையில் பெரும் பாவமாயிற்று. கோவில் சமையலில் யாருக்கு முதற்பங்கு என்பது சிறு காரியமன்று. நம் விழாவில் நேர்ச்சை தந்தவரும், விருந்தினரும், குருக்களும் முதற்பந்தியில் அமர்வதும், அடுப்படியில் நின்றவர்கள் அடியில் ஒட்டியதை மாலையில் உண்பதும் வழக்கமாயிருந்தது. இனி டிரம்மிலிருந்து முதலில் எடுக்கும் பங்கு, எழுந்து வர இயலாத முதியோர் வீடுகளுக்கு; அண்டாவிலிருந்து முதற்பந்தி, முறை வைத்து, அடுப்படியாருக்கு. நாம் பின்னர்.

திருவிழா அன்று காலையில் அப்பத்தாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாய்க்குள் எரியும் நெருப்பையும், உச்சியில் இலேசாய்க் கரையும் புகையையும் மாறிமாறிப் பார்த்தார். மருமகள்தான் இப்போது விறகு தள்ளுகிறார். "ரெண்டு கட்டைக்கு மேல போடாதே, அது தானா இழுத்துக்குது" என்று பத்தே நிமிடத்தில் அந்த அடுப்பின் குணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு நம் பக்கம் திரும்பி, "இது முன்னாடியே இருந்திருக்கலாம், சாமி" என்றார். குற்றச்சாட்டாக அவர் அதைச் சொல்லவில்லை. ஆயினும் அச்சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. புகைபோக்கி இனிவரும் புகையைத்தான் வெளியேற்றும். உள்ளே போய்விட்ட புகையை வெளியேற்ற வல்ல புகைபோக்கி ஒன்றும் இல்லை. அடுத்த ஆண்டு விழாவைக் காண அவர் இருக்கவில்லை. மருமகள் இருக்கிறார், அவருக்கு இருமல் இல்லை.

அன்பார்ந்த குடும்பத்தினரே, எல்லா வீட்டிலும் இன்று எரிவாயு இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். 2016ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகள் பலவற்றுக்கு இணைப்பு வந்தது உண்மையே. ஆனால் உருளை தீர்ந்து, அடுத்ததற்குப் பணம் சேரும்வரை, மூலையில் இருக்கும் மண்ணடுப்பே எரிகின்றது. குளிக்க வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் காடி காய்ச்சவும் விறகே எரிகின்றது. அவ்வீடுகளில் செய்யத்தக்கன சில உண்டு. விறகை மழை படாமல் அடுக்கி, நன்கு உலர்ந்த பின் எரியுங்கள். பருத்த கட்டையைப் பிளந்து போடுங்கள். அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு திறப்பாவது வையுங்கள். இயன்றால் புகைபோக்கி கட்டுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள். குளிருக்கென்று கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்காதீர்கள்; கரி விடும் நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆண்மக்களே, வீட்டில் யாருடைய கண் சிவந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இருமுறை வருகின்றது. தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்து நின்று ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே. உயிர்த்தபின் ஆண்டவர் கரையில் மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, களைத்து வந்த சீடரைச் சாப்பிட அழைத்தது மற்றொரு கரிநெருப்பின் அருகே. முன்னதில் பேதுரு தமக்காக மட்டும் நெருப்பைத் தேடினார். பின்னதில் ஆண்டவர் பிறருக்காக நெருப்பை மூட்டினார். அடுப்படியில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டாவது நெருப்பின் பணியையே செய்கிறார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி வெறும் சொல்லாக நின்றுவிடாமல், கொஞ்சம் செங்கல்லும் களிமண்ணும் கூரைக்கு மேல் உயர்ந்த ஒரு குழாயுமாக அமையட்டும். அடுத்த பங்குத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே சென்று உங்கள் கோவில் கொட்டகையையும் உங்கள் வீட்டுச் சமையலறையையும் அண்ணாந்து பாருங்கள். கரி படிந்த கூரை அங்கே இருந்தால், அதே கரி யாரோ ஒருவரின் நெஞ்சிலும் படிந்துகொண்டிருக்கிறது.